பட்டாளத்துக்காரர் வீட்டில் எப்படிக் கேட்பது?

ராணுவத்தில் 22 ஆண்டுகள் கிளார்க் வேலை பார்த்து, ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. முன்னாள் படைவீரர்களின் தேவைகளை ஆய்வு செய்யப் போன ஆண்டு இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் பதினோரு வீடு ஏறினார்கள். பதினொன்றிலும் ஒரே பதில்: "ஒரு குறையும் இல்லை."

பிசகு கேள்வியில் இருந்தது. சைனிக் சம்மேளனில், அதாவது படைவீரர்களை அதிகாரி கூட்டிப் பேசும் கூட்டத்தில், அவர் "ஏதாவது பாயிண்ட் உண்டா?" என்று குறை கேட்டால் "சப் டீக் ஹை, சாப்" (எல்லாம் சரி, ஐயா) என்று சொல்லியே பழகிய வாய் அது. அதனால் பிரச்சினை என்ன என்று கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை எழுந்தார் என்று கேளுங்கள். மூட்டுவலி, கெட்ட கனவு, ஓசூர் கம்பெனியில் இரவுக் காவல் வேலை எல்லாம் அதிலேயே வந்துவிடும். சிப்பாய் நாற்பது வயதுக்கு முன்பின்னாக வீடு திரும்புகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில். வேறு வேலை தேடாமல் என்ன செய்வார்? அதனால் முற்பகலில் போய்க் கதவைத் தட்டாதீர்கள், தூங்குவார். மாங்காய் பறிப்புக் காலத்தில் போகவே வேண்டாம்.

பீரங்கிப் படையில் இருந்தவரா? எந்தக் காது கேட்கும் என்று விசாரித்து அந்தப் பக்கம் உட்காருங்கள். கேட்காத கேள்விக்கும் தலையாட்டிவிடுவார்.

அடுத்து டிரங்க் பெட்டி. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒருவருடைய மனைவி பெயர் ஒன்றில் சின்னப்பாப்பா, இன்னொன்றில் பாப்பம்மாள். படைவீரர் உயிரோடு இருக்கும்போதே ரெக்கார்ட் ஆபீசுக்கு (ராணுவத்தின் ஆவண அலுவலகம்) எழுதித் திருத்தினால் சரி. கண்மூடிய பிறகு என்றால் குடும்ப பென்ஷனுக்கு அந்த அம்மாள் எத்தனை படி ஏற வேண்டும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ராணுவ பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பர்ஷின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றும் எழுதுங்கள். பாதிப் பேருக்கு அது கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் இருக்கிறது! ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்தால் பென்ஷன் நின்றுவிடும்.

பதினைந்து ஆண்டு முடிக்காமல் வந்து, பென்ஷனே இல்லாதவர்களும் உண்டு. கூட்டத்துக்கு வரமாட்டார்கள், தேடிப் போக வேண்டும். ஹவில்தார் வரை இருந்து 65 வயது கடந்தவர் என்றால், மத்திய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு) தரும் மாத உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

மனைவியிடம் தனியாகப் பேசுங்கள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் ஒரு பெண், ஒரு வீட்டில் புளியங்கொட்டை எடுத்துக்கொடுத்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ராணுவ கேன்டீனில் வாங்கும் மது பாட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது என்பதும், மனிதர் மூன்று மாதமாகப் பேச்சைக் குறைத்துவிட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் படிவத்தை மூடிவையுங்கள். கூடவே இருந்து 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை.

வாங்கித் தருகிறேன் என்று எதையும் சொல்லாதீர்கள். மறுபடி வரும் தேதியை மட்டும் சொல்லி, அன்றைக்குப் போய் நில்லுங்கள். பாரூர் பக்கம் நாங்கள் அப்படி இரண்டாம் முறை போனபோது, குறையே இல்லை என்றவர் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்.