எம்பிவி எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பிளேட்லெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எம்பிவி என்று ஒரு வரி இருக்கும். பிளேட்லெட் எனும் தட்டணுக்களின் சராசரிப் பருமன் அது. பொதுவாக 7 முதல் 12 ஃபெம்டோலிட்டர். அது கொஞ்சம் கூடியிருந்தாலே சிலருக்கு அன்றைய தூக்கம் போய்விடும்.

பலரும் கோட்டைவிடுவது ரத்தம் எடுத்ததற்கும் அளப்பதற்கும் இடையிலான நேரத்தில்தான். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இடிடிஏ என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். அதில் தட்டு வடிவத் தட்டணுக்கள் மெல்ல உருண்டையாகி ஊதும்; முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே எண் ஏறிவிடும். அப்புறம், கருவிக்குக் கருவி அளக்கும் முறையும் வேறு. ஆகவே இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்து "கூடிவிட்டதே" என்று பதறுவது வீண்.

எண்ணிக்கையைப் பார்க்காமல் பருமனை மட்டும் பார்ப்பதும் தவறு. நலமாக இருப்பவர்களிடமும் எண்ணிக்கை குறைவானால் பருமன் சற்றுக் கூடும். நோயால் எண்ணிக்கை சரிந்திருக்கும்போதுதான் இந்த எண் பேசத் தொடங்கும். பருமன் கூடியிருந்தால், எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது, தட்டணுக்கள் வெளியே அழிகின்றன என்று ஊகிக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கும் ஐடிபி நோயில் அப்படித்தான். கூடவில்லை என்றால் உற்பத்தியிலேயே குறையோ என்ற சந்தேகம் வரும். இரண்டுமே துப்பு மட்டும், தீர்ப்பு அல்ல.

பெரிய தட்டணு என்றால் வீரியம் அதிகம் என்பது பாதி உண்மை. அதில் துகள்கள் அதிகம், உறைதலைத் தூண்டும் திராம்பாக்ஸேனும் அதிகம் சுரக்கும். மாரடைப்பு வந்தவர்களிடம் சராசரி எம்பிவி கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக ஒரு தனி மனிதரின் எண்ணை வைத்து இதயத்துக்கு ஜோசியம் சொல்ல முடியாது. 1948இல் விவரிக்கப்பட்ட பெர்னார்ட்-சூலியர் நோயில் தட்டணுக்கள் ராட்சத அளவில் இருக்கும். ஆனால் காயத்தில் ஒட்டிக்கொள்ளத் தேவையான புரதம் இல்லாததால் ரத்தம் நிற்காது. இதற்கு நேர்மாறு விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற நோய்: ஆண் குழந்தைக்கு மிகச் சிறிய தட்டணுக்கள், குறைந்த எண்ணிக்கை, கூடவே தோல் அரிப்பும் அடிக்கடி தொற்றும். அங்கே குறைந்த எம்பிவியை அலட்சியப்படுத்தக் கூடாது.

கருவியை அப்படியே நம்புவதும் ஆபத்து. ராட்சதத் தட்டணுக்களைச் சில கருவிகள் சிவப்பணுக்கள் என்று எண்ணிவிடும். அப்போது எண்ணிக்கையும் தப்பு, எம்பிவியும் தப்பு. சிலருக்கு இடிடிஏவில் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை பொய்யாகக் குறையும். முதல் சிக்கலுக்கு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு, இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, தாமதமில்லாமல் எண்ணச் சொல்லலாம்.