குட்டி டரன்டுலா சட்டை உரிக்கும்போது: கொழும்பு வீடுகளுக்கான செய்முறை

டரன்டுலா என்பது உரோமம் நிறைந்த பெரிய சிலந்தி. வளர்க்கும் குட்டி டரன்டுலா இரையைத் தொடாமல் மூலையில் முடங்கிக் கிடந்தால் உடனே பதற வேண்டாம். பெரும்பாலும் அது சட்டை உரிக்கத் தயாராகிறது. குட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறைகூட உரிக்கும்; வளர வளர இடைவெளி மாதக்கணக்காகும்.

1. அடையாளம் பாருங்கள்

வயிறு உப்பிப் பளபளக்கும், நிறம் கறுக்கும், நடை மந்தமாகும். சில குட்டிகள் வளையின் வாயை வலையாலும் மண்ணாலும் அடைத்துவிடும். அடைத்தால் அடைத்ததுதான், தோண்டிப் பார்க்காதீர்கள்.

2. இரையை வெளியே எடுங்கள்

உரிக்கும் நேரத்தில் சிலந்தியால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பெட்டிக்குள் மிஞ்சிய ஒரு சில்வண்டே அதைக் கடித்துக் கொன்றுவிடும்.

3. ஈரம், காற்று, எறும்பு

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. கொழும்பில் ஹீட்டர் எதுவும் தேவையில்லை. வெள்ளவத்தையில் உடுப்பே காய மறுக்கும் மழை நாட்களில் தினமும் தண்ணீர் தெளித்தால் பூஞ்சணம்தான் வளரும். பெட்டிக்குள் பரப்பிய தும்புத்தூளின் ஒரு பக்கத்தை மட்டும் லேசாக நனையுங்கள், மறுபக்கம் காய்ந்திருக்கட்டும். பெட்டியின் பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும். ஏசி அறையென்றால் ஈரம் சீக்கிரம் போய்விடும், அடிக்கடி பாருங்கள்.

எறும்புக்கு, சீனி டப்பாவைக் காப்பாற்றும் அதே வழி: தட்டத்தில் தண்ணீர் ஊற்றி நடுவே பெட்டியை வையுங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டியதாகிவிடும். எறும்புச் சோக்கு, பூச்சி ஸ்பிரே, நுளம்புச்சுருள் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். தெருவில் டெங்குப் புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியை உள்ளறைக்கு மாற்றுங்கள். அதுவும் உரிக்கத் தொடங்கியிராவிட்டால் மட்டும்.

4. மல்லாந்து கிடந்தால் கை வைக்காதீர்கள்

செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். முதுகோடு பிளக்கும், பிறகு எட்டுக் காலையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கும். சில மணி நேரம்கூட ஆகலாம். திருப்பிப் போடாதீர்கள், மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள், பெட்டியை அசைக்காதீர்கள். நிமிர்ந்தபடியே கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். அநேகமாக நீர் வற்றியிருக்கும், உடனே வாயருகே தண்ணீர் கிடைக்கச் செய்யுங்கள்.

5. பல்லைப் பார்த்து இரை கொடுங்கள்

புதிதாக உரித்த குட்டியின் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்தால்தான் இரை. சின்னக் குட்டிக்கு ஒரு வாரம் விட்டால் நல்லது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். வளர்க்கும் ஆசையில் நம்மூர்ப் புலிமுகச் சிலந்தியை (இதுவும் ஒரு டரன்டுலாதான்) மரத்திலிருந்து பிடித்து வராதீர்கள். அந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, கடித்தால் வலியும் தசைப்பிடிப்பும் சாதாரணமாக இருக்காது.

சரி, முதல் இரை? வயிற்றைவிடச் சிறிய பூச்சியாக, தலையை நசுக்கிக் கொடுங்கள். மறுநாளும் தொடவில்லையென்றால் எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள்.