லிட்டில் ராக் சென்ட்ரல் ஹை ஸ்கூலை எப்படிப் பார்ப்பது

டாலஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 30-இல் கிளம்பினால் ஐந்து மணி நேரத்தில் ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நான் இங்கேதான் கூட்டிப்போவேன். நயாகராவைக் காட்ட வேறு ஆள் இருக்கிறார்கள்.

வெள்ளையர் மட்டுமே படித்த இந்தப் பள்ளியில் 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர வந்தார்கள், ஆளுநர் மாநிலக் காவல்படையை அனுப்பித் தடுத்தார். இன்றும் பாடம் நடக்கிற அரசுப் பள்ளி இது. நம் இஷ்டத்துக்கு உள்ளே போக முடியாது. தேசியப் பூங்கா ரேஞ்சர் கூட்டிப்போனால் உண்டு, அதற்கும் முன்பதிவு வேண்டும். பதிவு கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமானது எல்லாம் வெளியேதான் நடந்தது.

எதிர் மூலையிலுள்ள பழைய மொபில் பெட்ரோல் பங்க்கிலிருந்து தொடங்குங்கள். 1957-இல் இருந்தபடியே புதுப்பித்திருக்கிறார்கள். செய்தியாளர்கள் ஓடி வந்து போன் பேசிய இடம். பக்கத்தில் பார்வையாளர் மையம், கட்டணமில்லை. அங்கே முதலில் படங்களைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பார்க் ஸ்ட்ரீட்டில் 14-ஆம் தெரு (இப்போது டெய்சி பேட்ஸ் டிரைவ்) முனைக்குப் போய், 16-ஆம் தெரு வரை நடங்கள். பள்ளியின் முகப்பு அவ்வளவு நீளம். 1957 செப்டம்பர் 4 அன்று அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, 15 வயது எலிசபெத் எக்ஃபோர்ட், தனியாக நடந்த வழி அது. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. எக்ஃபோர்ட் வீட்டில் போன் இல்லாததால் தகவல் போய்ச் சேரவில்லை. துப்பாக்கியோடு நின்ற காவல்படையினர் வழிவிடவில்லை. பின்னால் வெள்ளையர் கூட்டம் கத்திக்கொண்டே வர, தானே தைத்த உடையில், புத்தகத்தை அணைத்தபடி பஸ் நிறுத்த பெஞ்ச் வரை நடந்தாள். அந்த பெஞ்சின் நகலை மாணவர்கள் முயற்சியில் 2018-இல் வைத்திருக்கிறார்கள். பேசாமல் நடந்து பாருங்கள். தூரம் அதிகமில்லை, ஆனால் நீளும்.

இப்போது கட்டடம். 1927-இல் 15 லட்சம் டாலரில் கட்டியது. வாசலுக்கு மேலே நான்கு சிலைகள்: லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். ‘வாய்ப்பு’ எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பலரும் இதோடு கிளம்பிவிடுகிறார்கள். காரில் சில நிமிடம் போனால் டன்பார் பள்ளி, 1929-இல் கறுப்பின மாணவர்களுக்கென்று கட்டியது. செங்கல் முகப்பில் சென்ட்ரலின் ஜாடை தெரியும். செலவு மட்டும் சுமார் 4 லட்சம். சென்ட்ரலில் கழித்துப்போட்ட பாடப்புத்தகங்கள்தான் இங்கே வந்தன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்த ஒன்பது பேர் எதைக் கேட்டார்கள் என்பது புரியும்.

நேரமிருந்தால் மாநிலத் தலைமைச் செயலக வளாகத்துக்கும் போங்கள். ஒன்பது பேரின் வெண்கலச் சிலைகளை 2005-இல் ஆளுநர் அலுவலகத்தைப் பார்த்தபடி வைத்தார்கள். 1957-இல் காவல்படையை அனுப்பியதும் ஓர் ஆளுநர்தான்.