சாவி கொடுக்குற பழைய 16 எம்எம் கேமரா வாங்கியிருக்கீங்களா? ரிப்பேருக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பரண்ல கிடந்துச்சுன்னோ ஆன்லைன்ல ஏலத்துல எடுத்தோம்னோ ஒரு போலெக்ஸ் ஹெச்16, இல்ல ரஷ்யக்காரன் கே-3, இப்படி ஏதாவது ஒண்ணு கையில வந்ததும் எல்லாரும் செய்ற முதல் காரியம் என்ன தெரியுமா, சாவியை முழுசா முறுக்கி பட்டனை அமுக்குறது. அது சரியா ஓடலைன்னா அடுத்த காரியம், தையல் மெஷின் எண்ணெய் எடுத்து தெரியுற ஓட்டையிலெல்லாம் ரெண்டு சொட்டு விடுறது. ரெண்டுமே வேணாம். முக்கியமா அந்த எண்ணெய் வேணவே வேணாம், ஏன்னு கீழ சொல்றேன்.

போலெக்ஸ் ஹெச்16 சுவிட்சர்லாந்துல பையார் கம்பெனி 1935ல கொண்டுவந்தது, லென்ஸ் வழியாவே பாத்து எடுக்குற ரிஃப்ளெக்ஸ் மாடல் 1956ல வந்துச்சு. கே-3 மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரியில 1971லேர்ந்து 90கள் ஆரம்பம் வரைக்கும் பண்ணாங்க. ரெண்டுக்கும் ஓடுறதுக்கு பேட்டரி கிடையாது, உள்ள ஒரு பெரிய ஸ்பிரிங், அது சுத்துற பல்சக்கரம், அந்த வேகத்தைக் கட்டுல வைக்குற கவர்னர், அவ்வளவுதான். ஒரு தடவை முழுசா சாவி கொடுத்தா செகண்டுக்கு 24 ஃப்ரேம் வேகத்துல போலெக்ஸ் கிட்டத்தட்ட 28 செகண்டு ஓடும், கே-3 ஒரு 25 செகண்டு.

1. முதல்ல எழுப்பி விடுங்க

வருஷக்கணக்கா ஓடாத கேமராவுல கிரீஸ் கெட்டியாயிருக்கும். அதனால முழு சாவி கொடுக்காம நாலஞ்சு சுத்து மட்டும் கொடுத்து, 16லயோ 24லயோ வச்சு ஓட விடுங்க, நின்னதும் கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு மறுபடி. ஆரம்பத்துல முக்கி முனகி ஓடுறது போகப்போக சீராகும், நிறைய கேமரா இதுலயே சரியாயிடும். ஃபிலிம் போடாம உச்ச வேகத்துல, அதாவது 48, 64லெல்லாம் ஓட்டாதீங்க, இழுக்க பாரம் இல்லாம மெக்கானிசம் அடி வாங்கும்.

சாவி ஒரு கட்டத்துல நின்னா நின்னதுதான், அதுக்கு மேல பலம் காட்டக் கூடாது. சாவி பாட்டுக்கு லூசா சுத்திக்கிட்டே இருக்கு, இறுக்கமே வரலைன்னா ஸ்பிரிங் உடைஞ்சிருக்கலாம், இல்ல கொக்கி விட்டிருக்கலாம். அதை வீட்டுல பிரிக்காதீங்க, அந்த ஸ்பிரிங் டப்பாவுக்குள்ள மிச்சம் இருக்குற விசை திடீர்னு விடுபட்டா விரலைக் கிழிச்சிடும். அது மெக்கானிக் வேலை.

2. எண்ணெய் ஏன் கூடாது

கவர்னர்ங்கிறது உள்ள சுத்துற சின்ன எடைக்கட்டிங்க. வேகம் கூடுனா அதுங்க வெளிப்பக்கமா விரிஞ்சு ஒரு தட்டுல உரசி பிரேக் போடும், அந்த உரசல்ல தான் வேகம் நிக்குது. நீங்க குத்துமதிப்பா விடுற எண்ணெய் வழிஞ்சு அங்க போச்சுன்னா பிரேக் பிடிக்காம 24ல வச்சது 30, 35னு தறிகெட்டு ஓடும். டபிள்யூடி-40 இன்னும் மோசம், அது இருக்குற கிரீஸையும் கரைச்சு வெளிச்சத்தை மறைச்சு மறைச்சு விடுற ஷட்டர் மேலயும், வ்யூஃபைண்டருக்கு வெளிச்சத்தைத் திருப்புற ப்ரிஸம் மேலயும் கொண்டு போய் விட்டுடும். சர்வீஸ் பண்றவர் எல்லாத்தையும் பிரிச்சு கழுவிட்டு எந்த இடத்துக்கு எந்த எண்ணெய்னு பார்த்துத்தான் விடுவார்.

3. வேகம் சரியா இருக்கான்னு போனை வச்சே பாக்கலாம்

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். லென்ஸைக் கழட்டிட்டு, போன்ல ஸ்லோமோஷன் 240 ஃப்ரேம் வச்சு, லென்ஸ் ஓட்டை வழியா ஷட்டர் சுத்துறதைப் படம் பிடிங்க. அப்புறம் ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பாருங்க. கேமரா நிஜமாவே 24ல ஓடுனா ஷட்டர் ஒரு தடவை வந்து மறுபடி அதே இடத்துக்கு வர 10 போன் ஃப்ரேம் ஆகும். ஒரு சுத்தை மட்டும் எண்ணாம 10 சுத்துக்கு எண்ணுங்க. 100 வந்தா கரெக்ட், 110 வந்தா 22க்குக் கொஞ்சம் கம்மியா ஓடுது, 90 வந்தா 26, 27ல ஓடுது.

22ல ஓடுனா பதற வேணாம், எக்ஸ்போஷர்ல, அதாவது ஃபிலிம்ல விழுற வெளிச்சத்துல, ஒரு ஸ்டாப்புல (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்) எட்டுல ஒரு பங்கு தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. பயப்பட வேண்டியது சீரில்லாத வேகத்துக்கு. ஆரம்பத்துல 100, கடைசியில 130னு வந்தா படம் போகப்போக வெளுத்துக்கிட்டே போகும். அதனால ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்துலயும் எண்ணுங்க. கடைசி சில செகண்டு மட்டும் தொய்யுதுன்னா சமாளிக்கலாம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி சாவியை நிறைச்சுட்டா போதும்.

4. கேட்டைத் துடைக்கிறது

ஃபிலிம் நின்னு வெளிச்சம் வாங்குற அந்த சின்ன ஜன்னல் தான் கேட். ஃபிலிமைக் கேட்டோட அழுத்திப் பிடிக்குற ப்ரெஷர் ப்ளேட்டை மாடலுக்குத் தகுந்த மாதிரி சாய்ச்சோ கழட்டியோ விட்டுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃபிலிம்லேர்ந்து உதிர்ந்த எமல்ஷன் (ஃபிலிம் மேல இருக்குற ரசாயனப் பூச்சு) ஓரத்துல கருப்பா, பொருக்கு மாதிரி ஒட்டியிருக்கும். அதை ஊசி, பிளேடு, ஸ்க்ரூடிரைவர் எதுலயும் சுரண்டாதீங்க, கேட்ல ஒரு கீறல் விழுந்தா அது வழியா போற எல்லா ஃபிலிம்லயும் அந்தக் கோடு விழும். மரப் பல்குச்சி போதும், அதுக்கப்புறம் பஞ்சு வராத துணியில ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. போலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ்ல லென்ஸுக்குப் பின்னாடியே ப்ரிஸம் இருக்கு, அதைத் தொடாதீங்க, கையில அமுக்குற ப்ளோவர் மட்டும் போதும், கேன்ல வர்ற காத்து வேணாம்.

ஒவ்வொரு ரோல் போடுறப்பவும் கேட்டைப் பாக்கணும். ஸ்கேன்ல வந்த படத்துல மேல் ஓரத்துல ஒரு முடி ஆடுதுன்னா கேட்டோட கீழ் ஓரத்தைத் தேடுங்க, உள்ள பிம்பம் தலைகீழா தானே விழுது.

5. டம்மி ஃபிலிம் போட்டுப் பழகுங்க

எக்ஸ்பையரி ஆன ரோல் ஒண்ணு கிடைச்சா போதும். அதுக்கு முன்னாடி ஃபிலிமை இழுக்குற ஸ்ப்ராக்கெட் சக்கரத்தோட பல்லைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் பல் இருந்தா கவலையில்ல. ரெண்டு பக்கமும் இருந்தா அந்தப் பழைய கேமராவுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட ஃபிலிம் தான் வேணும், இப்ப கடையில கிடைக்குறது பெரும்பாலும் ஒரு பக்க ஓட்டை, அதைப் போட்டா பல் ஃபிலிமைக் குத்திக் கிழிச்சிடும்.

போலெக்ஸ்ல ஃபிலிம் நுனியை உள்ளயே இருக்குற கட்டர்ல சாய்வா வெட்டி, ஃபிலிமை வளைச்சு விடுற லூப் ஃபார்மரை மூடி, நுனியை மேல் ஸ்ப்ராக்கெட்ல கொடுத்து பட்டனை அமுக்குனா தானா சுத்தி கீழ வந்துடும். வந்ததும் ஓடுன ஃபிலிமைச் சுத்திக்குற டேக்கப் ஸ்பூல்ல மாட்டிட்டு லூப் ஃபார்மர் திறந்துடுச்சான்னு பாத்துட்டு, மூடியைத் திறந்து வச்சுக்கிட்டே கொஞ்சம் ஓட்டுங்க. கேட்டுக்கு மேலயும் கீழயும் ஒரு வளைவு, அதாவது லூப், இருக்கணும், அந்த வளைவு எதுலயும் உரசக் கூடாது. சத்தத்தையும் மனசுல வாங்கிக்கோங்க. லூப் போச்சுன்னா சீரான சத்தம் மாறி டகடகடகன்னு அடிக்கும், உடனே நிறுத்திடுங்க, படம் மேலயும் கீழயும் இழுத்த மாதிரி தான் வரும்.

100 அடி ரோல் 24ல வெறும் ரெண்டே முக்கால் நிமிஷம் தான், விலையும் டெவலப் செலவும் உங்களுக்கே தெரியும், அதனால கண்ணை மூடிக்கிட்டு லோட் பண்ற அளவுக்குப் பழகிட்டு நல்ல ரோலைத் தொடுங்க.

6. படம் வந்தப்புறம் என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறது

நேரா ஒரு கீறல், ஷாட் முழுக்க ஒரே இடத்துல வருதா? டம்மி ஃபிலிமை ஓட்டி நிறுத்துங்க. ஃபிலிம் உள்ள இருக்கும்போதே மேல் ஸ்ப்ராக்கெட், மேல் லூப், கேட், கீழ் லூப் ஒவ்வொரு இடத்துலயும் மார்க்கர்ல 1, 2, 3, 4னு எழுதிட்டு வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. கீறல் 2க்கும் 3க்கும் நடுவுல ஆரம்பிச்சா எங்க உரசுதுன்னு தெரிஞ்சு போச்சு. கே-3ல பெரும்பாலும் லூப் ஃபார்மர் தான் குற்றவாளி, அதனாலயே நிறைய பேர் அதைக் கழட்டி வீசிட்டு கையாலயே லூப் போட்டுக்குறாங்க, நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆரஞ்சு கலர்ல வெளிச்சம் அடிச்சிருக்கா? ரோலோட ஆரம்பத்துலயும் கடைசியிலயும் மட்டும்னா வெயில்ல லோட் பண்ணியிருக்கீங்க, நிழலுக்குப் போங்க. நடுவுல எல்லாம் வந்தா மூடி ஓரம் பூரா கருப்பு டேப் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுங்க. போலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ்ல ரெண்டு இடத்தைத் தனியா பாக்கணும். லென்ஸுக்குப் பின்னாடி ஜெலட்டின் ஃபில்டர் சொருகுற சின்ன தகடு ஒண்ணு உண்டு, ஃபில்டர் இல்லைன்னாலும் காலி தகடு உள்ள இருந்தே ஆகணும், பழைய கேமரா வாங்குறப்ப அது தான் காணாம போயிருக்கும். இன்னொண்ணு கண் வைக்குற இடம், கண்ணை எடுத்துட்டு ஓட்டுனா அது வழியா வெளிச்சம் உள்ள போகும், அங்க இருக்குற மூடியை மூடிடுங்க.

ஒண்ணுமே பதிவாகலையா? போலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ்னா ஷட்டர் லீவர் மூடுன நிலையில இருந்திருக்கும், நூத்துக்கு தொண்ணூறு அதான்.

மங்கலா இருக்கா? போலெக்ஸ் ரிஃப்ளெக்ஸுக்குன்னு ஆர்எக்ஸ்னு போட்ட லென்ஸ் தனியா உண்டு, சாதா சி-மவுண்ட் (16 எம்எம் கேமராவுல திருகி மாட்டுற வகை) வைட் லென்ஸை மாட்டி அபெர்ச்சரை முழுசா திறந்தா ஷார்ப்பா வராது. அதே மாடல்ல ப்ரிஸம் கொஞ்சம் வெளிச்சத்தை வ்யூஃபைண்டருக்கு எடுத்துக்கும், அதனால 24 ஃப்ரேமுக்கு லைட் மீட்டர்ல 80ல ஒரு பங்கு செகண்டுன்னு வச்சுக்கோங்க. கே-3க்கு 60ல ஒரு பங்கு. கே-3 உள்ள இருக்குற மீட்டரை நம்பாதீங்க, அது கேக்குற பாதரச பேட்டரி இப்ப வர்றதில்ல, போன் ஆப்பே மேல்.

7. வைக்கிறது

ஸ்பிரிங்கை முழுசா ஓட விட்டு இறக்கிட்டுத்தான் உள்ள வைக்கணும், முறுக்குன நிலையிலயே மாசக்கணக்கா விட்டா அது தளர்ந்துடும். கூட வந்த லெதர் கேஸ் பாக்க அழகா இருக்கும், ஆனா நம்ம சென்னை ஈரத்துக்கு அது ஃபங்கஸ் வளர்க்குற வீடு. கேமராவையும் லென்ஸையும் காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட போட்டு, ஜெல் கலர் மாறுனா மாத்துங்க. மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து ரெண்டு சாவி ஓட்டிட்டு, மறுபடி முழுசா இறக்கி வைங்க.