அலசத் தேவையில்லாத கார் கழுவும் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கழுவிய பின் நீரால் அலசத் தேவையில்லாத திரவத்தை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நுரையை அன்று, வழுவழுப்பை. அதிலுள்ள பாலிமர்கள் தூசித் துகள்களைச் சூழ்ந்துகொண்டு, அவை பெயிண்டின் மேல் உராய்ந்து கீறாமல் துணியோடு வந்துவிட உதவுகின்றன. வாளி நீரில் கலக்காமல் நேரடியாகத் தெளித்துத் துடைக்கும் திரவம் வேறு வகை. அது லேசான தூசிக்கு மட்டுமே ஏற்றது.

விலையைப் புட்டியைக் கொண்டு ஒப்பிடாமல், ஒரு வாளிக்கு ஆகும் செலவைக் கொண்டு ஒப்பிடுங்கள். ஆப்டிமம் நோ ரின்ஸ் என்ற இவ்வகைத் திரவம் 1:256 விகிதத்தில் கலக்கப்படுவதால் 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 40 மில்லி போதும்; மலிவான புட்டி ஒன்று இதைப்போல் மூன்று மடங்கு கேட்டால், அது உண்மையில் மலிவானதாக இருக்காது.

பெயிண்டைக் காக்க மேலே பூசப்படும் செராமிக் பூச்சு உள்ள காருக்கு மெழுகு சேர்க்காத வகையையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் மேலே படியும் மெழுகு அப்பூச்சின் நீர் விலக்கும் இயல்பை மறைத்துவிடக்கூடும். பூச்சில்லாத காருக்கு மெழுகு கலந்தது நல்லதே.

உப்பு மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்துவோர், எத்தகைய திரவத்தை வாங்கினாலும், ஒவ்வொரு பகுதியையும் வெயிலில் உலரும் முன்பே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். சேறு அப்பிய காரை மட்டும் முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.