‘பகிர்’ என்ற சொல்லின் வேரைத் தேடும் முறை

ஒரு சொல்லின் பிறப்பை அறிய விரும்புபவர், அதன் இன்றைய பொருளை முதலில் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு படத்தை நூறு பேருக்குப் பகிர்ந்தாலும் அது நம்மிடம் முழுதாகவே இருக்கும். ஒரு தோசையைப் பகிர்ந்தாலோ நமக்குப் பாதிதான் மிஞ்சும். ‘பகிர்’ என்ற சொல்லின் வேர் தோசையின் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, உறவுச் சொற்களைத் திரட்ட வேண்டும். பகுதி, பகுப்பு, பகுத்தல், பகிர்தல் ஆகியவற்றை அருகருகே எழுதிப் பார்த்தால் ‘பகு’ என்ற அடி தெரியும். இதன் பழம்பொருள் கொடுப்பதன்று, பிளப்பது. வரால் மீனை அகநானூற்றின் 36ஆம் பாடல் ‘பகுவாய் வராஅல்’ என்கிறது. பிளந்த வாயையுடைய வரால் என்பது பொருள். பட்டினப்பாலையோ வணிகரின் நடுவுநிலையை ‘நெடுநுகத்துப் பகல் போல’ என்று உவமிக்கிறது. அங்கே ‘பகல்’ என்பது நுகத்தடியை இரு பக்கமும் சமமாகப் பகுத்து நடுவில் நிற்கும் ஆணி.

பிறகு ஒலிமாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பொறுமை மிகத் தேவைப்படுவது இங்கேதான். ‘அகப்பை’ பேச்சில் ‘ஆப்பை’ ஆவதுபோல, ‘பகுத்து’ என்பதற்குப் ‘பாத்து’ என்ற வடிவமும் உண்டு. 322ஆம் குறளில் ‘பகுத்துண்டு’ என்று எழுதிய வள்ளுவரே 227ஆம் குறளில் ‘பாத்தூண்’ என்கிறார். இது பிடிபட்டுவிட்டால் தோட்டத்துப் பாத்தியும் விளங்கிவிடும்: வாய்க்காலில் வரும் நீருக்கு மண்வெட்டியால் ஒரு வாய் வெட்டிவிட்டு, அந்தச் சதுரம் நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததைத் திறப்பதற்காக, நிலத்தை வரப்பிட்டுப் பகுத்த கூறுதான் பாத்தி.

தமிழின் உறவுமொழிகளையும் கேட்க வேண்டும். மலையாளத்தில் ‘பகுதி’ என்றால் பாதி. தெலுங்கில் ‘பகுலு’ என்றால் வெடித்தல், உடைதல். இவற்றை ஓரிடத்தில் காண, மொழியியலாளர்களான பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பைப் புரட்டலாம். தமிழ் வழக்குகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘பாகப்பிரிவினை’ என்பதிலுள்ள ‘பாகம்’ வடசொல். ஒலியும் பொருளும் நெருங்கியிருக்கின்றன என்பதற்காக, ‘பகு’ அங்கிருந்து வந்தது என்றோ, ‘பாகம்’ இங்கிருந்து போனது என்றோ உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. ஒலிமாற்றத்தின் ஒழுங்கும் உறவுமொழிச் சான்றும் சேர்ந்து நின்றால்தான் உறவு உறுதிப்படும். வெறும் ஒற்றுமையை நம்பி எழுதப்பட்ட சொல்லாராய்ச்சிகள் நம்மிடம் ஏராளம்.

கடைசியாக, பிளத்தலைக் குறித்த சொல் எப்போது உறவைக் குறிக்கத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அகராதி போதாது, சொல் வரும் இடங்களைப் படிக்க வேண்டும். ‘உண்’ என்ற வினை உடன் சேரும்போது, பிளவு பிறருடைய பசியை நோக்கித் திரும்பிவிடுகிறது. ‘பாத்தூண்’ என்பதை இல்வாழ்க்கையிலும் ஈகையிலும் வைத்த வள்ளுவர், 1107ஆம் குறளில் ‘தமது பாத்துண்டற்றால்’ என்று காமத்துப்பாலுக்கும் கொண்டுபோகிறார். காதலியைத் தழுவும் இன்பத்துக்கு அவர் தேடிப் பிடித்த உவமை, சொந்த வீட்டில் இருந்துகொண்டு தன்னுடையதைப் பகுத்து உண்பதுதான்.