வெண்ணெய் வணிகரின் மனைவி எந்த வீட்டுப் பெண்?

என் கணவரின் ஊர் அயர்லாந்தின் கார்க். முன்னோர் ஒருவர் 1780களில் அங்கே வெண்ணெய் வியாபாரம் செய்தார் என்பதும் அவர் மனைவியின் முதல் பெயரும் மட்டுமே என் மாமியாருக்குத் தெரியும். அந்தப் பெண் எந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது.

முதலில் பின்னோக்கிப் போங்கள். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 1864 முதல் எல்லாருடைய பிறப்பு, திருமணம், இறப்பும் அரசுப் பதிவில் உண்டு. அதற்கு முன்னால், கத்தோலிக்கர் என்றால் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் தேவாலயப் பதிவேடுகள். இதெல்லாம் சில வார இறுதிகளில் முடியும்.

அப்புறம் வழி அடைபடும். 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவண அலுவலகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும் ஏராளமான உயில்களும் சாம்பலாயின. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆனால் வணிகக் குடும்பங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது: 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம். அது தப்பியது. கடை வாடகை, அடமானம், எல்லாவற்றையும்விட முக்கியமாகத் திருமண ஒப்பந்தப் பத்திரம். பெண்ணின் தந்தை யார், சீதனம் எவ்வளவு, அதற்குப் பொறுப்பாளர்கள் யார் என்று அதில் எழுதுவார்கள். பொறுப்பாளர் பெரும்பாலும் பெண்ணின் அண்ணனோ சித்தப்பாவோதான். பதிவேடுகளின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாகப் பார்க்கலாம்.

நான் தவறிய இடம் இது. பெயர் அட்டவணையில் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். நான் மணப்பெண் பெயரில் தேடிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை, அவர் தந்தை, பெண்ணின் தந்தையாக இருக்கக்கூடியவர்கள் என்று தேடுங்கள். 1832 வரை அட்டவணையில் மாவட்டமும் இருக்காது. பெயர் பரவலானது என்றால் இட அட்டவணையில் அந்த ஊரின் பக்கங்களைப் புரட்டுவதே நல்லது. திருமண ஆண்டோடு நிறுத்தாதீர்கள். எங்கள் பத்திரம் ஒன்பது ஆண்டு கழித்துப் பதிவாகியிருந்தது.

கத்தோலிக்கர் 1778 வரை 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுக்கவோ, 1782 வரை நிலம் வாங்கவோ முடியாது. அதனால் அவர்களின் பழைய பத்திரங்கள் குறைவு. 1778ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்களின் பட்டியல் அட்டவணை மிஞ்சியிருக்கிறது; ஊரும் தொழிலும் தெரியும். எங்கள் வணிகரை அதில்தான் உறுதிப்படுத்தினேன்.

உயில் எரிந்துபோனாலும் சோர வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்து இருந்தவர்களின் உயில் ஆர்மா தலைமைப் பேராயரின் நீதிமன்றத்துக்குப் போனது. 1800க்கு முந்தைய அந்த உயில்களிலிருந்து வில்லியம் பெத்தம் என்ற வம்சாவளி ஆய்வாளர் எடுத்த குடும்பக் குறிப்புகள் இன்றும் உள்ளன.

பத்திரப் பதிவேடுகளில், இணையத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த படி. பதிவுக்காகக் கொடுத்த மூலப் பத்திரச் சுருக்கத்தில் தரப்பினர் ஒருவரின் கையெழுத்து இருக்கும். அதன் படியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுடையதில் கையெழுத்திட்டிருந்தவர் பெண்ணின் தந்தை, தோல் பதனிடுபவர். மாமியார் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார்.